ஜீப்பை எத்தனை இன்ச் தூக்கலாம்? மதுரை வட்டாரத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

மஹிந்திரா தார் ஜீப் வாங்கினால் அடுத்தது, வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட். மதுரையில் இது ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஒத்தக்கடை பக்கம் இருக்கிறவரும் சரி, உசிலம்பட்டி பக்கம் தோப்பு வைத்திருப்பவரும் சரி, கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, போலீஸ் பிடிக்காம எத்தனை இன்ச் வரைக்கும் தூக்கலாம்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அப்படி ஓர் இன்ச் கணக்கே கிடையாது. இரண்டு இன்ச் வரை சரி, மூன்றாவது இன்ச் குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. கம்பெனி தந்த அளவிலிருந்து வண்டி மாறியிருக்கிறதா என்பதுதான் நம் சட்டம் கேட்கும் கேள்வி. மாறியிருந்தால் ஒரு இன்ச்சும் மாற்றம்தான், ஆறு இன்ச்சும் மாற்றம்தான்.

இதைப் படித்துவிட்டு வருத்தப்படத் தேவையில்லை. நம் வட்டாரத்தில் வண்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை மிகக் குறைவு. அது ஏன் என்பதைக் கீழே படிப்படியாகப் பார்க்கலாம்.

இந்த இன்ச் கணக்கு எங்கிருந்து வந்தது?

வெளிநாட்டு வீடியோக்களிலிருந்து. அமெரிக்காவில் வண்டி உயரத்துக்கான விதியை ஒவ்வொரு மாநிலமும் தனியாகப் போட்டிருக்கிறது. கலிஃபோர்னியாவை எடுத்துக்கொண்டால், தரையிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் ஃபிரேம் வரை எவ்வளவு உயரம் இருக்கலாம் என்று எடைவாரியாக வரம்பு உண்டு. சாதாரண காருக்கு 23 அங்குலம். மற்ற வண்டிகளில் மொத்த எடை 4,500 பவுண்டு வரை 27 அங்குலம், 7,500 வரை 30, 10,000 வரை 31. பாடியின் தரைத் தகடு ஃபிரேமுக்கு மேல் 5 அங்குலத்தைத் தாண்டி நிற்கக் கூடாது என்று இன்னொரு நிபந்தனையும் உண்டு. முன்பக்கத்தை மட்டும் தூக்கிப் பின்பக்கம் குந்தியதுபோல வைத்துக்கொள்ளும் பாணி அங்கே பரவியபோது, வட கரோலினா மாநிலம் 2021 டிசம்பர் முதல் அதற்கும் 4 அங்குல எல்லை போட்டது. ஆஸ்திரேலியாவிலோ பொதுவாக 50 மி.மீ. வரை தனிச் சான்றிதழ் இல்லாமலே உயர்த்தலாம்.

அங்கெல்லாம் மாற்றம் செய்ய ஒரு வாசலைத் திறந்துவிட்டு, அதற்கு அளவு சொல்கிறார்கள். இங்கே வாசலே சாத்தியிருக்கிறது. லிஃப்ட் கிட் பெட்டி மேல் "ரோடு லீகல்" என்று அச்சடித்திருந்தால், எந்த நாட்டு ரோடு என்று கேளுங்கள்.

நம் சட்டத்தில் இருப்பது

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறாகிவிடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. அந்தப் பிரிவே சில விலக்குகளையும் தருகிறது. அங்கீகரித்த கிட் போட்டு சி.என்.ஜி., எல்.பி.ஜி.க்கு மாற்றலாம். மாற்றுத் திறனாளிகளுக்கு ஏற்ப வண்டியை அமைத்துக்கொள்ளலாம். நிறம் மாற்றுவது, பழுதான இன்ஜினுக்குப் பதில் அதே வகை இன்ஜின் வைப்பது போன்றவற்றை ஆர்.டி.ஓ. அனுமதியோடு செய்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம்.

இங்கேதான் பட்டறைக்காரர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். "தம்பி, ஆர்.சி.யை எடுத்துப் பாரு. வீல்பேஸ் இருக்கு, எடை இருக்கு, சீட் இருக்கு, கலர் இருக்கு. உயரம் எங்க இருக்கு? இல்லாததை மாத்தினா எப்படித் தப்பு?" கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆர்.சி.யில் உயரம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், இந்தச் சந்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டது. தயாரிப்பாளர் கொடுத்த மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டி இருக்கக் கூடாது, பதிவுக்காகச் சோதித்து அங்கீகாரம் பெற்ற வடிவம் அப்படியே தொடர வேண்டும் என்று சொன்னது தீர்ப்பு. அந்த வாதத்தை நம்பிச் செலவு செய்பவர், சோதனையில் நிறுத்தப்படும்போது தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கும்.

தண்டனை 182ஏ பிரிவின் 4-ஆவது உட்பிரிவில் இருக்கிறது, 2019 திருத்தத்தில் வந்தது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "மாற்றம் ஒன்றுக்கு" என்பதைக் கவனியுங்கள். ஸ்பிரிங்கில் உயரம் கூட்ட வைக்கும் ஸ்பேசர் ஒன்று, டயர் ஒன்று, இரும்பு பம்பர் ஒன்று, கூரை விளக்கு ஒன்று என்று எண்ணினால் அதுவே 20,000 ஆகிறது. நடைமுறையில் எல்லோரும் சிறைக்குப் போவதில்லை. ஆனாலும் ஸ்ரீநகரில் ஒரு நீதிமன்றம், மாற்றம் செய்த தார் ஓட்டியவருக்கு ஆறு மாதம் விதித்து, பிறகு நன்னடத்தைப் பிணையில் விட்டது செய்தியாக வந்திருக்கிறது.

இது போக, 53-ஆவது பிரிவில் வண்டியின் பதிவையே நிறுத்திவைக்க ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு. அபராதம் கட்டினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பழைய நிலைக்கு வண்டியைக் கொண்டுவந்து காட்டும் வரை அது வீட்டு வாசலில்தான் நிற்கும்.

உயரத்துக்கு எண்ணே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் நமக்குப் பயன்படாது. மத்திய மோட்டார் வாகன விதி 93-இல் வண்டியின் மொத்த அளவுகள் உள்ளன. 2020 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான சரக்கு லாரிக்கு உயரம் 4 மீட்டர், அதற்கு முன் 3.8. இரட்டை அடுக்கு பஸ்ஸுக்கு 4.75. தார் வண்டியின் உயரமோ 1.85 மீட்டர் அளவுதான். ஒரு அடி தூக்கினாலும் விதி 93 அதைத் தொடாது. அந்த விதி வைக்கோல் லாரிக்காரர் கவலைப்பட வேண்டியது. பாரம் அனுமதித்த உயரத்தைத் தாண்டினால் 20,000 ரூபாய், இறக்கிவைக்கும் செலவு தனி.

படி 1: கம்பெனி கொடுத்த அளவை எழுதிவையுங்கள்

ஆர்.சி., வண்டியோடு வந்த கையேடு, ஓட்டுநர் பக்கக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் டயர் அளவு ஸ்டிக்கர். இந்த மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு எது மூல அளவு என்ற பேச்சு வந்தால் இவைதான் கைகொடுக்கும்.

நம் பக்கம் அதிகம் ஓடும் வண்டிகளில், தார் மூன்று கதவு மாடலுக்குத் தரையிடைவெளி 226 மி.மீ. மாருதி ஜிம்னிக்கு 210. ஃபோர்ஸ் கூர்க்கா 2024 மாடலுக்கு 233. கூர்க்காவில், தண்ணீருக்கு மேலிருந்து இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் ஸ்னார்க்கல் குழாயும், இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் முன்னும் பின்னும் கம்பெனியிலேயே வந்துவிடுகின்றன. உயரம்தான் வேண்டும், அலைச்சல் வேண்டாம் என்பவருக்கு என் யோசனை எளிது. உயரத்தை ஷோரூமில் வாங்குங்கள், பட்டறையில் வாங்காதீர்கள்.

படி 2: இப்போது வண்டி எங்கே நிற்கிறது என்று அளங்கள்

இதை யாரும் செய்வதில்லை. செய்தால் பாதிப் பேருக்கு லிஃப்ட் ஆசையே போய்விடும்.

சமமான சிமெண்ட் தரையில் நிறுத்துங்கள். பெட்ரோல் பங்க்கின் கான்கிரீட் தளம் பொதுவாகப் போதும். நாலு டயரிலும் கையேட்டில் சொன்ன காற்று இருக்க வேண்டும். பின்னால் மூட்டை, ஆள் எதுவும் வேண்டாம். வண்டியை முன்னும் பின்னும் இரண்டு முறை உருட்டி நிறுத்தினால் ஸ்பிரிங் தன் இடத்தில் உட்காரும். இப்போது வீல் நடுவிலிருந்து மட்கார்டின் உள்விளிம்பு வரை டேப்பைப் பிடித்து நாலு மூலையிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும். வலது, இடது பக்கங்களுக்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

எம்.எம். 540, மேஜர், பழைய தார், பொலிரோ மாதிரி பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் இது மிகச் சாதாரணம். பத்து வருடம் தேங்காய் மூட்டை சுமந்த வண்டியின் பின் பட்டை வளைவு போய் நேராகக் கிடக்கும். அதற்குப் புதுப் பட்டை கட்டினால், அல்லது அதே பட்டையை ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றினால், பின்பக்கம் கண்ணுக்குத் தெரிய எழும்பும். இது மாற்றம் ஆகாது, பழுதுபார்த்தல். கம்பெனி அளவுக்குத் திரும்புவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் ஒரு முறை வண்டிக்கு அடியில் படுத்து, தரைக்கு மிக அருகில் தொங்குவது எது என்று பாருங்கள். பெரும்பாலான ஜீப்புகளில் அது பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாக நிற்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல். இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. ஆக்சில் டயரோடு சேர்ந்தது. ஸ்பிரிங் அதற்கு மேலே இருக்கிறது. ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் போட்டாலும், பட்டை ஸ்பிரிங்கைச் சேசிஸோடு பிணைக்கும் ஷேக்கிளை நீட்டினாலும், பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் கட்டை வைத்தாலும் மேலே போவது பாடிதான். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் முதலில் இடிக்கும் அந்தப் பாகத்தை டயர் மட்டும்தான் உயர்த்த முடியும். தார், ஜிம்னி இரண்டுக்கும் பின் ஆக்சில் இப்படித்தான். பாடி உயர்ந்தால் மேட்டில் ஏறும்போது முன் பம்பரும் பள்ளத்தில் இறங்கும்போது பின் பம்பரும் கொஞ்சம் தப்பிக்கும், அவ்வளவே.

படி 3: டயர் கணக்கை நீங்களே போடுங்கள்

தார் வண்டியில் வரும் 245/75 ஆர்16 டயரை எடுத்துக்கொள்வோம். 245 என்பது அகலம், மி.மீ.யில். பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், அதாவது 183.75. மேலும் கீழும் இரண்டு தடவை, 367.5. ரிம் 16 அங்குலம், அதாவது 406.4. மொத்த விட்டம் ஏறக்குறைய 774 மி.மீ.

பட்டறையில் ஆசை காட்டும் 285/75 ஆர்16 போட்டால் விட்டம் 834. வித்தியாசம் 60 மி.மீ., தரையிடைவெளி கூடுவது அதில் பாதி, வெறும் 30 மி.மீ. அந்த ஒரு சுண்டுவிரல் அளவுக்காக எதை விடுகிறோம் என்று பாருங்கள். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 64.6 வேகத்தில் போகும். ஓடோமீட்டர் குறைவாகக் காட்டும். கியர் நீண்டுபோன மாதிரி ஆகி இழுவை குறையும். டயர் கனம் கூடுவதால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். ஸ்டீயரிங் முழுக்க ஒடித்தால் உள்ளே உரசும். உரசாமலிருக்க லிஃப்ட், வெளியே தள்ள வீல் ஸ்பேசர் என்று ஒன்றிலிருந்து ஒன்று பிறந்துகொண்டே போகும். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயர்தான் மோட்டார் வாகன ஆய்வாளரின் கண்ணில் முதலில் படுவது.

அதே தாரின் வேறொரு வேரியன்ட்டில் 255/65 ஆர்18 வருகிறது. விட்டம் 789 மி.மீ. கம்பெனியே அந்த மாடலுக்குச் சொன்ன அளவு என்பதால் இந்த மாதிரி மாற்றத்தில் வம்பு குறைவு. உங்கள் வண்டிக்குப் பொருந்தும் மாற்று அளவு எது என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு செய்வது நல்லது.

படி 4: உங்களுக்கு உயரம் எங்கே தேவைப்படுகிறது?

மதுரையைச் சுற்றி மண் திசைக்குத் திசை மாறும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல். மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டுப் பாதையில் இறங்கினால், டயர் பட்டனுக்குள் மண் அப்பி, டயர் வழவழப்பான உருளையாகிவிடும். அங்கே 4 இன்ச் தூக்கிய வண்டியும் தூக்காத வண்டியும் ஒரே மாதிரிதான் வழுக்கும். தேவை, மண்ணை உதறித் தள்ளும் அகலப் பள்ளமுள்ள டயர், அதுவும் கம்பெனி அளவிலேயே கிடைக்கிறது. மேலூர், நத்தம் பக்கம் செம்மண்ணும் பாறையும். அங்கே அடித் தகடு நல்ல காப்பு. மணலில் சிக்கினால் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிப் பாருங்கள், டயர் தரையில் படும் பரப்பு நீளமாகி வண்டி மிதந்து வரும். தார் ரோடு ஏறுமுன் திரும்ப நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும். 

மலைக்குப் போகிறவர்களுக்கு உயரம் எதிரி. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி கவிழுமா என்பதைத் தோராயமாகச் சொல்லும் எண், சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை எடை மையத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் வருவது. உதாரணத்துக்கு, அகலம் 1,520 மி.மீ., எடை மையம் 700 என்றால் 1.09. மையம் 50 மி.மீ. மேலே போனால் 1.01. கூரையில் கேரியர் போட்டு, அதன் மேல் டென்ட் கட்டினால் இன்னும் இறங்கும். எண் சிறுக்கச் சிறுக்க வண்டி சீக்கிரம் சாயும். வளைவில் எதிரே பஸ் வந்து திடீரென ஒடிக்க வேண்டிய நேரத்தில்தான் இது தெரியும்.

பட்டறை சொல்லாத இன்னும் சில உண்டு. பின் பிரேக்கின் பலத்தைப் பாரத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு சில பிக்கப்களில் இருக்கும். அது ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால் "வண்டி காலி" என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடும். இன்ஜின் விசையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி ஜாயின்ட் கிராஸ் அடிக்கடி போகும். லேத்தில் கடைந்த அலுமினியக் கட்டையை விற்பவர் இதில் எதையும் சோதித்திருக்க மாட்டார். வண்டிக் கம்பெனி சோதித்திருக்கிறது. புனே ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலுள்ள ஜி.ஏ.ஆர்.சி. மாதிரி வாகனச் சோதனை மையங்களில் வண்டியைக் கொடுத்துச் சான்று வாங்கியிருக்கிறது. அந்தச் சான்று அந்த உயரத்துக்கு மட்டும்தான்.

படி 5: ஹெட்லைட்டைச் சோதியுங்கள், தூக்காத வண்டியிலும்

மத்திய மோட்டார் வாகன விதி 106 இதற்குத் துல்லியமான அளவு தருகிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூசக் கூடாது. ஐந்தே கால் அடி உயரமுள்ள ஒருவரின் கண் ஏறக்குறைய அந்த ஒன்றரை மீட்டரில்தான் இருக்கும். வீட்டிலேயே பார்க்கலாம். இருட்டியதும் டிம்மில் போட்டு, எட்டு மீட்டர் அளந்து, அந்த இடத்தில் ஆளை நிறுத்திக் கேளுங்கள். கூசுகிறது என்றால் விளக்கின் பின்னால் இருக்கும் திருகில் இறக்குங்கள்.

முன்பக்கத்தை மட்டும் 50 மி.மீ. தூக்கும் 'லெவலிங்' கிட் ஏன் ஆபத்து என்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. வீல்பேஸ் 2,450 மி.மீ. என்றால் வண்டி 2 சதவீதம் பின்னோக்கிச் சாய்கிறது. ஒரு சதவீதம் கீழ்நோக்கி வைத்திருந்த டிம் லைட், இப்போது ஒரு சதவீதம் மேல்நோக்கி அடிக்கும். 25 மீட்டர் தள்ளி, விளக்கு மட்டத்துக்குக் கால் மீட்டர் கீழே விழுந்திருக்க வேண்டிய ஒளி, கால் மீட்டர் மேலே போய் எதிரே பைக்கில் வருபவரின் முகத்தில் அடிக்கும். நத்தம் ரோட்டில் இரவில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கூரை மேல் எல்.இ.டி. பார், இரும்பு பம்பர் இரண்டையும் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. வேண்டாம். முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பான புல் பாரைத் தடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் வேகத்தை உள்வாங்கி நசுங்க வேண்டிய முன்பகுதியை அது நசுங்க விடாது, ஏர்பேக் விரியும் நேரமும் குழம்பலாம்.

படி 6: ஏற்கனவே தூக்கிய வண்டியை வாங்கும்போது

பழைய ஜீப் சந்தையில் இது அடிக்கடி வரும். "எல்லாம் பண்ணி ரெடியா இருக்குண்ணே, வாங்கி ஓட்டுறதுதான்" என்பார்கள். பணம் கொடுத்ததும் குற்றம் உங்கள் பெயருக்கு மாறிவிடும். ஆய்வாளர் முன் நிற்கப் போவது நீங்கள்தான்.

முதலில் படி 2-இல் சொன்ன மாதிரி வீல் நடுவிலிருந்து மட்கார்டு வரை அளந்து, அதே மாடலில் கை வைக்காத இன்னொரு வண்டியோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங்குக்கு மேலோ கீழோ பளபளவென்று அலுமினிய வளையம், பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரும்புக் கட்டை, வழக்கத்தைவிட நீளமான யு-போல்ட், பாடி மவுண்ட்டில் கறுப்பு நைலான் கட்டை, இவற்றைத் தேடுங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் வெல்டிங் தடம் இருந்தால் விலை பேசாமலே கிளம்பிவிடுங்கள். ராணுவ ஏலத்தில் வந்து இன்ஜின் மாறிய ஜீப்பாக இருந்தால், இன்ஜின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வண்டியை நேரில் காட்ட வேண்டும். மதுரை தெற்கு டி.என். 58, வடக்கு 59, மத்தி 64, எதில் பதிவான வண்டியானாலும் இதே கதைதான். 13, 14 வயது ஜீப்பை வாங்குகிறவர், ஓரிரு வருடத்திலேயே சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக்கொண்டு ஆய்வாளர் முன் நிற்கப் போகிறோம் என்பதை நினைத்து விலை பேசுங்கள். மூல ஸ்பிரிங், மூல டயர், மூல பம்பர் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இருந்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் அவற்றை வாங்கிப் பொருத்தும் செலவை விலையில் கழியுங்கள்.

படி 7: இன்சூரன்ஸ்

சுருக்கமாக: பாலிசி எடுக்கும்போது சொல்லாத மாற்றம், க்ளைம் நேரத்தில் கம்பெனிக்குக் கையில் கிடைக்கும் காரணம். சர்வேயர் வந்து போட்டோ எடுப்பார், ஸ்பேசர் அதில் தெரியும், சொந்தச் சேதத்துக்கான தொகை சிக்கலில் மாட்டும். கம்பெனியே விற்கும் ஆக்சஸரி போட்டால் அதன் பில்லைக் கொடுத்துப் பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: நிறுத்தினால்

மதுரைக்குள் பெரும்பாலும் நிறுத்துவது கறுப்புக் கண்ணாடிக்கும் நம்பர் பிளேட்டுக்கும்தான். அதனால் எங்கும் அப்படித்தான் என்று நினைத்து போடிமெட்டு, குமுளி வழியாக மூணாறு, வாகமண் போகிறவர்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறார்கள். கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றம் செய்த வண்டிகளில் கறார். அந்த மாநில உயர் நீதிமன்றமும் பல உத்தரவுகளில் கடுமை காட்டியிருக்கிறது. இ-சலான் போட்டால் அது அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகன் தளத்தில் உங்கள் வண்டி எண்ணோடு ஏறிவிடும், பெயர் மாற்றம் போன்ற வேலைகள் அதில் தடைபடலாம்.

நிறுத்தியவரோடு சட்டம் பேசிப் பயனில்லை. சலானில் எந்தப் பிரிவு, எந்தெந்த மாற்றம் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தால், பட்டறை பில்லும் முன்பின் போட்டோவும் வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

படி 9: எங்கே ஓட்டலாம்

வண்டி சுத்தமாக இருந்தும் இடம் தப்பாகிவிடலாம். சாப்டூர்ப் பக்கம் தொடங்கி மேகமலை வரை 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் நடந்த குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு வனத்துறை இதில் விட்டுக்கொடுப்பதில்லை. அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. சமணர் படுக்கையும் பழந்தமிழ்க் கல்வெட்டும் இருக்கும் அந்தப் பாறைச் சரிவு ஜீப் ஏற்றிப் பழகும் இடமல்ல. கண்மாய்க் கரையும் அப்படித்தான். ஈரக் கரையில் ஒரு ஜீப் போட்ட சக்கரத் தடத்தில் அடுத்த மழையில் தண்ணீர் ஓடி, கரையே அரிக்கத் தொடங்கும். ஊர்க்காரர்கள் கம்போடு வந்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான்.

பழகுவதற்குச் சொந்தத் தோப்போ, உரிமையாளர் அனுமதித்த தரிசோ போதும். போட்டிக்காகவே வண்டி கட்டுகிறவர்கள், 37 இன்ச் டயரும், கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் கேஜ் கூண்டும் போட்டதை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போவதில்லை. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோகிறார்கள், திரும்பவும் லாரியில்தான் வருகிறது. பதிவு நடப்பில் இருக்கும் வண்டியை அப்படி மாற்றினால், தோப்புக்குள் நின்றாலும் 52-ஆவது பிரிவு பொருந்தும். அதனால் போட்டி வண்டிக்கு எந்த ஜீப்பை எடுப்பது, அதன் ஆர்.சி.யை என்ன செய்வது என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு முடித்துவிட்டு, அதற்குப் பிறகு கட்டிங் மெஷினை எடுங்கள்.